காலை ஆறரை பஸ்ஸுக்கு யார் காசு கொடுப்பது?

திருகோணமலை மாவட்டத்து உட்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். காலை ஆறரைக்கு ஊருக்குள் வந்து பாடசாலைப் பிள்ளைகளையும் கிளினிக்குக்குப் போகிற வயதானவர்களையும் ஏற்றிப் போன இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் நான்கு மாதமாக வருவதில்லை. டிப்போவில் கேட்டால் "மேலே இருந்து காசு வரவில்லை" என்கிறார்கள். மாகாணக் காரியாலயத்தில் கேட்டால் "அது மத்திய அரசின் பஸ், எங்களிடம் கேட்காதீர்கள்" என்கிறார்கள். அரசியல்காரர் ஒருவரின் ஆட்கள் "புதுச் சட்டம் வருகிறது, எல்லாம் சரியாகும்" என்றார்களாம். இதில் யார் சொல்வது உண்மை?

தம்பி, மூன்று பேர் சொன்னதிலும் பொய் இல்லை. மூன்று பேரும் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள், அதுதான் சிக்கல். நான் கணக்குக் கிளையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். "காசு இல்லை" என்ற வசனத்தை ஆயிரம் கோப்புகளில் பார்த்திருக்கிறேன், நானே எழுதியும் இருக்கிறேன். அந்த வசனத்தைக் கேட்டால் உடனே திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தச் சட்டத்தின் கீழ் வரவேண்டிய காசு? அதற்குப் பதில் தெரியாமல் எந்தக் கதவைத் தட்டினாலும் அடுத்த கதவைத்தான் காட்டுவார்கள்.

முதலில் அந்தச் சிவப்பு பஸ் யாருடையது என்று பார்ப்போம். கொஞ்சம் பழைய கதை, ஆனால் அது இல்லாமல் விளங்காது.

1942ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வரும் வரைக்கும் இலங்கையில் பஸ் ஓட்டம் ஒரு சண்டைக் களம். ஒரே வீதியில் பத்து முதலாளிகள், முந்துகிறவனுக்கு ஆள். அந்தச் சட்டம் ஒரு பாதையை ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுத்தது. சண்டை குறைந்தது, ஆனால் லாபம் வராத ஊருக்கு பஸ் விட யாருக்கும் மனம் வரவில்லை. அப்புறம் 1957இன் 48ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வந்தது. பண்டாரநாயக்க பிரதமர், மைத்திரிபால சேனநாயக்க போக்குவரத்து அமைச்சர். 1958 ஜனவரி 1ஆம் தேதி தனியார் கம்பனிகளின் பஸ்கள் எல்லாம் ஒரே சபையின் கீழ் வந்தன. நகரத்துப் பாதையில் வரும் லாபம் கிராமத்துப் பாதையின் நட்டத்தைத் தாங்கும் என்பதுதான் அதன் அடிப்படைக் கணக்கு. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப இதற்கு வருவேன்.

1978இன் 19ஆம் இலக்கச் சட்டம் அந்தச் சபையை உடைத்து ஒன்பது பிராந்திய சபைகளாக்கியது. அடுத்த வருடமே தனியார் பஸ்களுக்குக் கதவு திறந்தது. 1990களின் தொடக்கத்தில் பிரேமதாச காலத்தில் "மக்கள்மயம்" என்று சொல்லி, டிப்போக்களைத் தனித்தனிக் கம்பனிகளாக்கி ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். தொண்ணூற்றுச் சொச்சம் கம்பனிகள். ஒரு கம்பனியிடம் ஆள் இருந்தால் பஸ் இல்லை, பஸ் இருந்தால் டயர் இல்லை. 1997இல் அவற்றைத் திரட்டிப் பதினொரு கம்பனிகளாக்கினார்கள். கடைசியில் 2005இன் 27ஆம் இலக்கச் சட்டத்தால் எல்லாம் மறுபடி ஒரே சபை. ஆங்கிலத்தில் இதன் பெயர் சீ.ரீ.பி. என்பதிலிருந்து எஸ்.எல்.ரீ.பி. என்று மாறியது. தமிழில் அன்றும் இன்றும் இ.போ.ச. தான். சட்டம் எத்தனை தரம் மாறியது என்று பஸ்ஸில் ஏறுகிற நமக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எங்கள் அம்மா சாகும்வரை "சீ.ரீ.பி. வந்திட்டுதா" என்றுதான் கேட்டார்.

ஆக, உங்கள் ஊர்ச் சிவப்பு பஸ் ஒரு தேசிய சபையின் சொத்து. திருகோணமலை, கந்தளாய், மூதூர் என்று எந்த டிப்போவாக இருந்தாலும் அது சபையின் ஒரு கிளை. டிப்போ முகாமையாளர் புது பஸ் வாங்க முடியாது, ஆள் எடுக்க முடியாது. இருக்கிற பஸ்ஸை, இருக்கிற சாரதியை, இருக்கிற டீசலை வைத்து எந்தப் பயணத்தை ஓட்டுவது, எதை வெட்டுவது என்பது மட்டும்தான் அவர் கையில். "மேலே இருந்து வரவில்லை" என்று அவர் சொல்வது சாட்டு இல்லை. ஆனால் "எதை வெட்டுவது" என்ற முடிவு அவருடையதும்தான். அதை அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த மேலே என்பது என்ன? அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரைப்படி அரச பணத்தின் மேல் முழு அதிகாரம் பாராளுமன்றத்துக்கு. ஒவ்வொரு வருடமும் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறும். அதில் போக்குவரத்து அமைச்சுக்கு ஒரு தலைப்பு இருக்கும், அந்தத் தலைப்புக்குள் சபைக்கான செலவினங்கள் இருக்கும். பாடசாலைப் பிள்ளைகளின் சீசனுக்கு, அதாவது சலுகை விலை மாதச் சீட்டுக்கு, ஈடாகக் கொடுப்பது, வருமானம் இல்லாத பாதைகளில் ஓடுவதற்குக் கொடுப்பது, புது பஸ் வாங்கக் கொடுக்கும் மூலதனப் பணம் என்று வகைவகையாக. திருகோணமலை என்றோ உங்கள் ஊர் என்றோ அதில் ஒரு எழுத்தும் இருக்காது. நாடு முழுவதற்கும் ஒரு தொகை. அது சபைக்கு வந்து, அங்கிருந்து பிராந்தியத்துக்கு, அங்கிருந்து டிப்போவுக்கு. ஒதுக்கிய தொகை முழுவதும் திறைசேரியிலிருந்து நேரத்துக்கு வரும் என்பதும் இல்லை. ஒதுக்குவது வேறு, விடுவிப்பது வேறு. வரவு செலவுத் திட்டத்து இலக்கத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு "இவ்வளவு கோடி கொடுத்தார்களே, எங்கே போனது" என்று சண்டைக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள்.

தேர்தல் வருடத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. 2024இல் ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் அடுத்தடுத்து வந்ததால் 2025க்கான முழு வரவு செலவுத் திட்டம் நேரத்துக்கு வரவில்லை. டிசம்பரில் முதல் நான்கு மாதத்துக்கு இடைக்காலக் கணக்கறிக்கை ஒன்றை நிறைவேற்றினார்கள். முழுத் திட்டம் 2025 பெப்ரவரி 17இல் வாசிக்கப்பட்டு மார்ச்சில் நிறைவேறியது. இப்படிப்பட்ட மாதங்களில் சம்பளமும் நடப்புச் செலவும் ஓடும். புதிதாக எதையும் தொடங்க எந்தக் கணக்காளரும் கையெழுத்து வைக்க மாட்டார். நானும் வைத்ததில்லை.

இப்போது கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடத்துக்கு வருகிறேன். உங்கள் ஆறரை பஸ் ஏன் முதலில் வெட்டப்பட்டது?

கணக்குக்காக ஒரு பயணத்தை எடுப்போம். ஊரிலிருந்து பட்டணம் 25 கிலோமீற்றர், போய்வர 50. குண்டும் குழியுமான வீதியில் பழைய பஸ் லீற்றருக்கு நாலு கிலோமீற்றர் ஓடினால் பெரிய காரியம். பன்னிரண்டரை லீற்றர் வேண்டும். 2021 முடிவில் டீசல் 121 ரூபா. பயணத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபா சொச்சம். 2022 ஜூன் முடிவில் டீசல் 460 ரூபா. அதே பயணத்துக்கு 5,750 ரூபா. சாரதி சம்பளம், டயர், எண்ணெய் எல்லாம் இதற்கு வெளியே. அதே காலத்தில் ஆகக் குறைந்த பஸ் கட்டணம் 14 ரூபாவிலிருந்து 2022 ஜூலையில் 40 ரூபாவானது. டீசல் நாலு மடங்கை நெருங்கியபோது கட்டணம் மூன்று மடங்கைத் தொடவில்லை. பிறகு இரண்டும் இறங்கின. 2024 ஜூலையில் ஆகக் குறைந்த கட்டணம் 28 ரூபா. ஆனால் அந்த ஆறு மாதத்தில் வெட்டப்பட்ட உட்கிராமப் பயணங்கள் எல்லாம் திரும்ப வந்ததா என்று கேட்டால், நீங்களே சாட்சி.

அடுத்தது பிள்ளைகள். ஆறரை பஸ்ஸில் அறுபது பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஐம்பது பேர் சீசன் வைத்திருக்கும் பிள்ளைகள். கொண்டக்டர் பத்துப் பேருக்குத்தான் டிக்கெட் கிழிப்பார். பின்னேரம் டிப்போவில் வேபில்லை, அதாவது பயணக் கணக்குத் தாளை, கொடுத்துக் காசைக் கட்டும்போது, அந்தப் பயணத்தின் எதிரே விழுவது பத்து டிக்கெட் காசு. சீசனுக்கான ஈடு திறைசேரியிலிருந்து சபைக்கு வருவது, அது அந்தக் கொண்டக்டரின் பைக்குள் வராது, அந்தப் பயணத்தின் வரியில் விழாது. மாத முடிவில் கிலோமீற்றருக்கு என்ன வருமானம் என்று பட்டியல் போட்டால் உங்கள் பஸ் அடியில் கிடக்கும். நெருக்கி அடித்துக்கொண்டு போன பஸ், பேப்பரில் வெறும் பஸ். நான் பார்த்த வரையில் கிராமத்துப் பயணங்களைக் கொல்வது நட்டத்தைவிட இந்தப் பட்டியல்தான்.

1958இன் கணக்கை நினைவில் வைக்கச் சொன்னேனே. நகரத்து லாபம் கிராமத்து நட்டத்தைத் தாங்கும் என்பது. 1979க்குப் பிறகு நகரத்து லாபத்தில் பெரும் பங்கு தனியார் பஸ்களுக்குப் போய்விட்டது. நம் மாவட்டத்தில் வீதியோரமாக நின்று பார்த்தாலே தெரியும். நிலாவெளிப் பக்கம், கந்தளாய்ப் பக்கம், கொழும்புக்குப் போகும் 49ஆம் இலக்கப் பாதை, கண்டிப் பாதை, இங்கெல்லாம் தனியாரும் சிவப்பும் ஒன்றையொன்று துரத்தும். பிரதான வீதியை விட்டு உள்ளே பத்து கிலோமீற்றர் போங்கள், துரத்துவதற்கு ஒருவரும் இல்லை. லாபம் போனது, கடமை மட்டும் சபையிடம் தங்கியது. அந்த இடைவெளியை அடைப்பதுதான் திறைசேரியின் பணம். அது அடைக்கும் அளவுக்குத்தான் உங்கள் பஸ் ஓடும். இணைந்த நேர அட்டவணை, அதாவது சிவப்பு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே நேரப் பட்டியலில் ஓடுவது, வேண்டுமா வேண்டாமா என்று சபைத் தொழிற்சங்கங்களும் தனியாரும் மல்லுக்கட்டுவதும் இதே சொத்துக்காகத்தான். லாபப் பாதையில் யார் எந்த நிமிடத்தில் புறப்படுவது என்ற சண்டை அது. உட்கிராமத்துக்கு யார் போவது என்று இரு தரப்பும் சண்டை போட்டதை நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, மாகாணம் என்ன செய்கிறது? அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்தில், மாகாண சபைக்குரிய அதிகாரங்களின் நிரலிலேயே மாகாணத்துக்குள் நடக்கும் பயணிகள் வீதிச் சேவையை ஒழுங்குபடுத்துவது இருக்கிறது. அதன்படி கிழக்கு மாகாணத்துக்கு என்று வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை இருக்கிறது. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு வழி அனுமதி கொடுப்பதும், நேரம் போட்டுக் கொடுப்பதும், முறைகேட்டைப் பிடிப்பதும் அதன் வேலை. மாகாண எல்லையைத் தாண்டி ஓடும் பஸ் என்றால் 1991இன் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. மாகாண அதிகாரசபையிடம் அனுமதிப் புத்தகம் இருக்கிறது, டீசல் பவுசர் இல்லை. ஒழுங்குபடுத்துவதுதான் அதன் தொழில், ஓட்டுவது இல்லை. அதனால் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று அவர்கள் சொன்னது சிவப்பு பஸ் மட்டில் சரி. ஆனால் உங்கள் ஊருக்குத் தனியார் பஸ் ஒன்றுக்கு அனுமதி கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்டிருந்தால், அது முழுக்க முழுக்க அவர்களுக்குச் சம்பந்தமுள்ள விஷயம். கேள்வி மாறினால் பதிலும் மாறும்.

மாகாணத்தின் பணப்பெட்டியையும் பார்த்துவிடுவோம். அதன் சொந்த வருமானம் என்று பெரிதாகச் சொல்ல வாகன வருமான அனுமதிக் கட்டணம், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப் பணம் போன்றவைதான். முன்பு புரள்வு வரி இருந்தது, 2011இல் எடுத்துவிட்டு தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் ஒரு பங்கு தந்தார்கள். 2019 முடிவில் அந்த வரியே இல்லாமல் போயிற்று. மிச்சம் மத்தியிலிருந்து வரும் கொடை. அரசியலமைப்பின் கீழ் நிதி ஆணைக்குழு பரிந்துரை செய்யும், மத்திய அரசு தன் நிலைக்கு ஏற்பக் கொடுக்கும். அதில் மிகப் பெரிய பங்கு ஆசிரியர், வைத்தியசாலை ஊழியர் சம்பளத்துக்குப் போய்விடும். சம்பளம் போக மிஞ்சும் காசில் பஸ்ஸுக்கு மானியம் கேட்பது, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் குந்திக்கொண்டு வடை கேட்பது மாதிரி.

இதற்கு மேல் ஒரு பூட்டு. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. 2017இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள், எல்லை நிர்ணய அறிக்கை 2018இல் பாராளுமன்றத்தில் தோற்றது, பழைய முறையும் இல்லை புதிய முறையும் இல்லை என்று நிற்கிறது. ஆளுநர் நிர்வாகத்தை நடத்துகிறார், செலவை அங்கீகரிக்கிறார். ஆனால் நியதிச்சட்டம், அதாவது மாகாணத்துக்குரிய சட்டம், ஆக்குவது மாகாண சபையின் வேலை. சபை இல்லாதபோது மாகாணப் போக்குவரத்து நியதிச்சட்டத்தில் ஒரு காற்புள்ளியைத் தன்னிஷ்டத்துக்கு மாற்ற முடியாது. உதாரணத்துக்கு, "லாபப் பாதைக்கு அனுமதி கேட்கிறவர் ஒரு உட்கிராமப் பயணத்தையும் சேர்த்து ஓட வேண்டும்" என்று ஒரு கட்டாயத்தை நியதிச்சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டுமானால் இன்றைக்கு அதை விவாதிக்க ஒரு மண்டபம் இருக்கிறது, உறுப்பினர் இல்லை. மாகாணத் தலைமையகம் நம் ஊரில்தான். அதன் வாசலைக் கடந்துதான் தினமும் பஸ் போகிறது.

"புதுச் சட்டம் வருகிறது" என்று உங்களிடம் சொன்னவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பாராளுமன்றம் மாகாண விடயம் ஒன்றில் சட்டம் செய்யப் போனால் அதை மாகாண சபைகளுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்க வேண்டும். 2012இல் திவிநெகும சட்டமூலம் வந்தபோது வடக்கில் சபை இருக்கவில்லை. சபைக்குப் பதிலாக ஆளுநர் சம்மதம் சொன்னது போதாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. இன்று ஒன்பது மாகாணத்திலும் சபை இல்லை. மத்திய அரசுக்குரிய இ.போ.ச.வின் சட்டத்தையும், தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் சட்டத்தையும் பாராளுமன்றம் திருத்தலாம். மாகாணத்துக்குள் ஓடும் சேவையைத் தொடும்போது இந்தக் கேள்வி எழும் என்பது என் கருத்து. ஆகவே சட்டம் வரும் என்ற சொல்லை நம்பிப் பிள்ளையின் இரண்டு தவணையைத் தள்ளிப் போடாதீர்கள்.

மூன்றாவது பெட்டி ஒன்று இருக்கிறது. உங்களிடம் அதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை என்று கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு சமூகக் கடமைச் சேவை என்று சிலவற்றுக்குப் பணம் கொடுக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கான சிசு செரிய 2005இல் தொடங்கியது. கிராமத்துக்கான கெமி செரியவும் உண்டு. இதன் முக்கியமான குணம், பணம் ஒரு குறிப்பிட்ட பாதைக்கு, குறிப்பிட்ட பயணத்துக்கு என்று ஒட்டப்படுகிறது. சபைக்கு வரும் மானியம் கடலில் கலந்த ஆற்று நீர். இது குடத்தில் பெயர் எழுதி வைத்த நீர். ஓடுவது சிவப்பு பஸ்ஸாகவும் இருக்கலாம், தனியார் பஸ்ஸாகவும் இருக்கலாம். ஓடாவிட்டால் காசு கேட்க முடியாது. உங்கள் ஊருக்கு நான் முதலில் தட்டச் சொல்லும் கதவு இதுதான். இதற்கும் வரையறுத்த தொகைதான், கேட்ட எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் கேட்டவர் பட்டியலில் உங்கள் ஊர் இல்லையென்றால் கிடைக்காதது நிச்சயம்.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள்: பஸ் நின்றது உண்மையில் பணத்தாலா, வீதியாலா? எனக்கு ஒரு அனுபவம். பல வருடத்துக்கு முன் ஒரு கிராமத்து மக்கள் இதே மாதிரி பஸ் நின்றுவிட்டது என்று மகஜர் (கோரிக்கை மனு) கொடுத்தார்கள். ஒரு காரியாலயம் இன்னொன்றுக்கு அனுப்ப, அது மூன்றாவதுக்கு அனுப்ப, கோப்பு ஏழு மாதம் சுற்றியது. எல்லோரும் நிதியைப் பற்றியே பதில் எழுதினார்கள். கடைசியில் ஒரு கொண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது, மாரிமழையில் ஒரு மதகு உடைந்து கிடக்கிறது, பஸ்ஸைத் திருப்ப இடமில்லை, சாரதி போக மறுத்துவிட்டார். அந்த மதகு எந்த வகுப்பு வீதியில் இருக்கிறது என்று மகஜரில் ஒரு வரி இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும். ஏ, பி வகுப்பு வீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. சி, டி வகுப்பு மாகாண வீதித் திணைக்களத்துக்கு. அதற்குக் கீழே பிரதேச சபை. பஸ்ஸுக்கு ஒரு பெட்டி, அது ஓடும் வீதிக்கு வேறு பெட்டி.

இதை லேசாக எடுக்க வேண்டாம். திருகோணமலை மாவட்டம் ஆறும் களப்பும் கடலும் அறுத்துப் போட்ட நிலம். என் சின்ன வயதில் மூதூருக்குப் போக லோஞ்சில் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும், அல்லது தரைவழியே பாதை பாதையாக இறங்கி ஏற வேண்டும். ஆற்றைக் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் "பாதை" என்போம், வெளியூர் ஆட்களுக்கு இந்தச் சொல் குழப்பும். 2009 ஒக்டோபரில் சவூதி நிதியுதவியில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். ஏ15 வீதியின் மற்றப் பாலங்களும் வந்த பிறகுதான் மட்டக்களப்புக்கு நேரே பஸ் என்பது நடைமுறையானது. அப்படியிருந்தும் 2021 நவம்பர் 23ஆம் தேதி குறிஞ்சாக்கேணியில், புதுப் பாலத்து வேலை முடியாத இடைவெளியில் ஓடிய பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் சேர்த்து உயிர்கள் போயின. அந்தப் பிள்ளைகள் போனதும் காலைப் பாடசாலைக்குத்தான். பாலத்துக்கு ஒரு ஒதுக்கீடு, வேலை முடியும் வரை பிள்ளைகள் எப்படிப் போவது என்பதற்கு ஒதுக்கீடு இல்லை. பஸ் விஷயத்திலும் இதே ஓட்டைதான்.

புது பஸ்கள் வருகின்றனவே, அவை எங்கே என்றும் நீங்கள் கேட்கலாம். 2023 ஜனவரியில் இந்திய உதவியின் கீழ் சபைக்கு 75 பஸ்கள் வந்தன, மேலும் வருவதாகச் சொன்னார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் கொழும்பின் முக்கிய பாதைகளுக்கு 100 நவீன பஸ்களோடு ஒரு முன்னோடித் திட்டம் அறிவித்தார்கள். கொழும்புக்கு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அங்கே நெரிசலில் சாகிறார்கள். ஆனால் சபைக்கு நூற்றுக்கு மேல் டிப்போக்கள். எழுபத்தைந்து பஸ்ஸை அவற்றுக்குப் பிரித்தால் ஒரு டிப்போவுக்கு ஒன்றுகூட வராது. புது பஸ் வந்தாலும் அது நீண்டதூரச் சேவைக்குத்தான் முதலில் போகும், ஏனென்றால் அது காசு கொண்டுவரும். உட்கிராமத்துக்கு வருவது அந்தப் பஸ் பழசான பிறகு. இது ஆர் மேலும் குற்றம் சொல்வதற்காக இல்லை, மேலே சொன்ன பட்டியலின் விளைவு.

திறைசேரியின் கையும் இப்போது முன்புபோல நீளாது. 2024இன் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி தவிர்ந்த அரச செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீதம் என்று கூரை போட்டிருக்கிறது. கூரைக்குள் எல்லா அமைச்சும் முண்டியடிக்கும். அந்த முண்டியடிப்பில் பெயர், இலக்கம், கணக்கு உள்ள கோரிக்கை நிற்கும். "எங்கள் ஊருக்கு பஸ் வேண்டும்" என்று மட்டும் எழுதியது விழும்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மகஜர் எழுதாதீர்கள். தகவல் கேளுங்கள். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் டிப்போவின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம். அந்தப் பயணம் கடைசி ஒரு வருடத்தில் எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் ஓடவில்லை, ஓடாத ஒவ்வொரு நாளுக்கும் பதிந்த காரணம் என்ன, உங்கள் ஊர்த் தரிப்பிடத்திலிருந்து எத்தனை மாணவர் சீசன் விற்கப்பட்டிருக்கிறது, அந்தப் பயணத்தை நிறுத்த யார் எந்தத் தேதியில் எழுத்தில் முடிவு எடுத்தார். இவ்வளவுதான். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. என் அனுபவத்தில் பாதிப் பயணங்கள் இந்தக் கடிதம் போன மாதத்திலேயே திரும்ப ஓடத் தொடங்கும். "யார் எந்தத் தேதியில்" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல ஒருவருக்கும் விருப்பமில்லை.

பதில் கையில் கிடைத்த பிறகு மகஜர். அதில் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பாடசாலை அதிபரிடம் கடிதமாக வாங்குங்கள், கிளினிக் நாட்களை எழுதுங்கள், வீதியின் வகுப்பையும் பஸ் திரும்பும் இடத்தையும் எழுதுங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலாளரிடம் கொடுத்துப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் போடச் சொல்லுங்கள். வாயால் பேசுவது குறிப்பில் வராது, நிகழ்ச்சி நிரலில் இலக்கம் இருந்தால் வரும். ஒரு பிரதியை தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு, கெமி செரிய அல்லது சிசு செரியவின் கீழ் பரிசீலிக்கும்படி. இன்னொன்றை மாகாண அதிகாரசபைக்கு, இ.போ.ச. ஓடாவிட்டால் அந்த நேரத்துக்குத் தனியார் அனுமதி கொடுக்கும்படி. இந்தக் கடைசிப் பிரதி போனதைச் சபைக்காரர் அறியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தனியாருக்கு ஆறரை மணி போய்விடும் என்று தெரிந்தால் டிப்போவுக்கு எங்கிருந்தோ ஒரு பஸ் கிடைக்கும்.

கடிதங்களைப் பதிவுத் தபாலில் போடுங்கள், துண்டைத் தொலைக்காதீர்கள். மாரிக்கு முன் தொடங்குங்கள். ஒக்டோபருக்குப் பிறகு வருட முடிவுக் கணக்கு, டிசம்பரில் பிள்ளைகளுக்கு விடுமுறை, ஜனவரியில் புது ஒதுக்கீடு இன்னும் இறங்கவில்லை என்பார்கள்.